சுண்டெலி ஆய்வைப் படித்துவிட்டு அப்பாவுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 68 வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை ஒரு நாளைக்கு நான்கு வேளை. முதலில் எல்லாம் ஒரு மாத்திரை போட்டால் அடுத்த வேளை வரை தாங்கியது. இப்போது மூன்று மணி நேரத்திலேயே வேகம் இறங்கிவிடுகிறது. கழிப்பறை வாசலில் காலை எடுத்து வைக்க முடியாமல் அப்படியே நிற்கிறார்.

பெங்களூரில் இருக்கும் தம்பி, அமெரிக்காவில் சுண்டெலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்திருக்கிறார். மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பியை அடைத்தால், உடம்பே தயாரிக்கும், கஞ்சாவில் இருப்பதைப் போன்ற கன்னாபினாய்டு என்ற பொருளின் வேலை கூடி, சுண்டெலிகள் நன்றாக ஓடியாடுகின்றன என்று புரிந்துகொண்டிருக்கிறார். “அடினோசினை அடைப்பது காபி. கன்னாபினாய்டு இருப்பது கஞ்சாவில். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மாத்திரையைக் குறைத்துவிடலாம்” என்பது அவர் முடிவு. அப்பாவுக்கு இப்போது தினமும் ஐந்தாறு டம்ளர் கெட்டியான டிகாஷன் காபி. இணையத்தில் வாங்கிய கஞ்சா எண்ணெயைச் சில சொட்டுகள் இரவுக் காபியில் கலந்து கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. மாத்திரையும் நான்கிலிருந்து மூன்று வேளையாகிவிட்டது.

இரண்டு வாரத்தில், படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். அதற்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரவில் அறை மூலையில் ஆட்கள் நிற்பதாகச் சொல்கிறார். “எனக்குப் புத்தி பேதலிக்குதாம்மா?” என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அந்த ஆய்வு அப்பாவுக்குப் பொருந்துமா, எண்ணெயைத் தொடரலாமா, சட்டச் சிக்கல் வருமா, அடினோசின் ஏற்பியை அடைக்கும் அந்த மருந்து எங்கே கிடைக்கும், அப்பாவை ஆராய்ச்சியில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மருத்துவர்கள் இதையெல்லாம் மறைக்கிறார்கள் என்று தம்பி சொல்வது சரிதானா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இன்றே செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம். எண்ணெயை நிறுத்திவிடுங்கள். மாத்திரையை இனி ஒரு வேளைகூடக் குறைக்காதீர்கள். ஏற்கெனவே குறைத்த வேளையை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று அப்பாவைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் இன்றைக்கே போனில் கேளுங்கள். எண்ணெய் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்ற பயம் வேண்டாம். அது தெரியாவிட்டால், ஆட்கள் தெரிவதை நோய் முற்றிவிட்டதன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு அவர் வேறு மருந்து எழுதக்கூடும்.

லெவோடோபாவைத் திடீரென்று வெகுவாகக் குறைத்தாலோ நிறுத்தினாலோ சிலருக்குக் கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டை போல விறைத்துப்போவது, நினைவு தடுமாறுவது எல்லாம் சேர்ந்து வரும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. அப்படி ஏதாவது தெரிந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். காபியை மட்டும் சட்டென்று நிறுத்த வேண்டாம், தலைவலி வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் என்று குறைத்து, காலையில் ஒன்று, முற்பகலில் ஒன்று என்று கொண்டு வாருங்கள். மதியத்துக்கு மேல் வேண்டாம்.

அந்த ஆய்வு உண்மையில் என்ன சொல்கிறது

உங்கள் தம்பி படித்தது பொய்யான செய்தி அல்ல. அருமையான ஆராய்ச்சிதான். அனடோல் கிரைட்சரும் ராபர்ட் மலென்காவும் 2007-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் கிரைட்சரின் ஆய்வகத்தில் டாலியா லெர்னர் அதன் தொடர்ச்சியைச் செய்து 2010-ல் வெளியிட்டார். தம்பி சொல்வதைப் பார்த்தால் அவர் படித்தது இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது.

மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி. அசைவைத் தொடங்குவதற்கும் அடக்குவதற்கும் இங்கிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன. ஒன்று அசைவுக்கு உதவுகிறது, இன்னொன்று அசைவை அடக்குகிறது. அடக்கும் பாதையின் நரம்பணுக்களில், அசைவுக்கு வேண்டிய வேதிப்பொருளான டோபமினுக்கான டி2 ஏற்பியும் அடினோசினுக்கான ஏ2ஏ ஏற்பியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டோபமின் வந்தால் அந்த அணு அமைதியாகும், அடினோசின் வந்தால் கிளர்ச்சி அடையும். பார்க்கின்சனில் டோபமின் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோவதால் அடினோசினின் கை ஓங்குகிறது. அடக்கும் பாதை அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அப்பா வாசலில் நின்றுவிடுவதற்குப் பின்னால் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் கன்னாபினாய்டு வருகிறது. அடக்கும் பாதையின் நரம்பணு, தனக்கு வரும் தூண்டுதல் அதிகமாகிவிட்டால் கன்னாபினாய்டு வகைப் பொருளைத் தானே தயாரித்து, தூண்டுதல் வந்த திசையில் திருப்பி அனுப்புகிறது. தூண்டுதலைக் கொண்டுவந்த நரம்பு நுனியில் சிபி1 என்ற ஏற்பி இருக்கிறது. அது இந்தப் பொருளைப் பெற்றதும் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கிறது. டோபமின் இல்லாத சுண்டெலிகளில் இந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று 2007 ஆய்வில் பார்த்தார்கள். டி2 ஏற்பியைத் தூண்டும் மருந்தையும், உடம்பின் சொந்தக் கன்னாபினாய்டு சிதையாமல் காக்கும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது சுண்டெலிகளின் அசைவு மேம்பட்டது. 2010-ல் லெர்னர் காட்டியது இது: ஏ2ஏ ஏற்பியை அடைக்கும் மருந்து கொடுத்தால் சுண்டெலிகள் துறுதுறுவென்று ஓடுகின்றன. ஆனால் சிபி1 ஏற்பியை அடைத்துவிட்டாலோ, அந்த ஏற்பியே இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்குக் கொடுத்தாலோ அந்த ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதாவது ஏ2ஏ மருந்து வேலை செய்வதற்கு உடம்பின் சொந்தக் கன்னாபினாய்டு தேவைப்படுகிறது.

தம்பி இதுவரை சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். இதற்கு அடுத்த அடியில்தான் தவறு. சுண்டெலிகளின் நடமாட்டத்தை அளந்த அந்தச் சோதனைகளில் எந்தச் சுண்டெலிக்கும் கஞ்சா கொடுக்கவில்லை. அதன் போதைப் பொருளான டிஎச்சியையும் கொடுக்கவில்லை. உடம்பு தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் தானே தயாரிக்கும் பொருளைப் பற்றிய ஆய்வு அது.

வெளியிலிருந்து கொடுத்தால் ஏன் அதே பலன் வராது

சிபி1 ஏற்பி அந்த ஒரு பாதையில் மட்டும் இல்லை. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ், யோசிக்கும் மேற்பட்டை, நடையைச் சமன் செய்யும் சிறுமூளை என்று மூளை முழுக்க இருக்கிறது. அசைவுக்கு உதவும் பாதையிலும் இருக்கிறது. உடம்பின் சொந்தக் கன்னாபினாய்டு, பந்தியில் பக்கத்து இலைக்காரர் காதில் “போதும்” என்று சொல்வது மாதிரி. எண்ணெயில் வரும் டிஎச்சி அதையே ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கச் சொல்வது மாதிரி. சாம்பார் கேட்டுக் காத்திருப்பவருக்கும் “போதும்” என்றே போய்ச் சேரும்.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று இருக்கிறது. தம்பியிடம் இதை அவசியம் சொல்லுங்கள். சுண்டெலிக்குப் பார்க்கின்சன் போன்ற நிலை வந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை செய்வார்கள். மேசைக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு மெல்லிய கம்பி. சுண்டெலியின் முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி அதன் மேல் வைப்பார்கள். நல்ல சுண்டெலி உடனே இறங்கி ஓடிவிடும். டோபமின் இல்லாத சுண்டெலி வைத்தது வைத்தபடி நின்றுகொண்டிருக்கும். எத்தனை விநாடி நிற்கிறது என்று கடிகாரத்தை வைத்து எண்ணுவார்கள்.

இதே கம்பிச் சோதனை கஞ்சா ஆராய்ச்சியிலும் உண்டு. ஒரு புதிய பொருள் கஞ்சா போல வேலை செய்கிறதா என்று பார்க்க நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பது ஆய்வகங்களின் வழக்கம்: நடமாட்டம் குறைகிறதா, உடம்புச் சூடு இறங்குகிறதா, வலி தெரிவது குறைகிறதா, கம்பியில் வைத்தால் அசையாமல் நிற்கிறதா. டிஎச்சி போதுமான அளவு கொடுத்தால் நான்கும் நடக்கும். நல்ல சுண்டெலியே கம்பியில் உறைந்து நிற்கும். சுண்டெலியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அது தம்பியின் எண்ணெய்க்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

சரி, மனிதர்களிடம் பார்த்திருக்கிறார்களா? சிறிய அளவில் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 19 பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. லெவோடோபாவால் வரும் தேவையற்ற அசைவுகள் குறையவில்லை, நோயின் மற்ற அறிகுறிகளும் குறையவில்லை. கஞ்சாவில் இருக்கும் இன்னொரு பொருளான, போதை தராத சிபிடியை 21 பேருக்குக் கொடுத்துப் பார்த்த பிரேசில் ஆய்வு 2014-ல் வந்தது. அதிக அளவு எடுத்தவர்கள் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் கூடியதாகச் சொன்னார்கள், ஆனால் அசைவில் மாற்றம் இல்லை. தூக்கம், பதற்றம், வலி போன்றவற்றுக்குப் பயன் இருக்குமா என்பது இன்னும் ஆராய வேண்டிய கேள்வி. லெவோடோபாவுக்கு மாற்றாகும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை.

காபியின் கதை கொஞ்சம் வேறு. ஹவாயில் 8,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்ததில், காபி குடித்தவர்களுக்குப் பார்க்கின்சன் வருவது குறைவாக இருந்தது. அந்த முடிவு 2000-ல் வெளிவந்தது. சுண்டெலிகளிலும் காபியில் இருக்கும் காபின் என்ற பொருள் டோபமின் அணுக்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு தருவதாகக் கண்டார்கள். இதையெல்லாம் நம்பி, நோய் வந்தவர்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று முறையாகச் சோதித்தார்கள். 121 பேரில் ஒரு பாதிக்கு 200 மில்லிகிராம் காபின் தினம் இருமுறை, மறு பாதிக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் அசைவில் முன்னேற்றம் இல்லை என்று 2017-ல் அறிவித்தார்கள். வராமல் தடுக்க உதவக்கூடிய ஒன்று, வந்த பிறகு மருந்தாகிவிடுவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிஸ்பனில் சுண்டெலிகளுக்குத் தொடர்ந்து சில நாள் காபின் கொடுத்துப் பிறகு டிஎச்சி கொடுத்துப் பார்த்தார்கள். டிஎச்சியால் வரும் நினைவுக் குறைவு காபினால் இன்னும் அதிகமானது. காபியில் எண்ணெயைக் கலப்பது இரண்டு நன்மைகளைக் கூட்டுவது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

மருத்துவர்கள் மறைக்கிறார்களா?

இல்லை. அந்த ஏ2ஏ ஏற்பியை அடைக்கும் மருந்து ஒன்று மனிதர்களின் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது. பெயர் இஸ்ட்ராடெஃபிலின். ஜப்பானில் 2013-லும் அமெரிக்காவில் 2019-லும் அனுமதி கிடைத்தது. லெவோடோபாவுக்குப் பதிலாக அல்ல, லெவோடோபாவோடு சேர்த்துக் கொடுக்க. லெவோடோபா வேலை செய்யாத நேரத்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை குறைக்கிறது, சில ஆய்வுகளில் அதுவும் இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை, பலன் உறுதியாகவில்லை என்று 2021-ல் அனுமதி மறுத்துவிட்டது. இந்த மருந்திலும் தூக்கமின்மை, மலச்சிக்கல், தேவையற்ற அசைவுகள், இல்லாததைக் காண்பது ஆகியவை வரலாம். அப்பாவுக்கு ஏற்கெனவே ஆட்கள் தெரிவதால், அது முழுக்கத் தெளிந்த பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கவே முடியும். அப்போது உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். இங்கே அனுமதியில்லாத மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க, மருத்துவரின் சீட்டோடு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்கும் முறையும் இருக்கிறது. தெரிந்தவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது சரியான வழி அல்ல.

இதே ஏற்பிக்கான வேறு மருந்துகளின் கதையையும் தம்பி படிக்கட்டும். பிரெலாடெனன்ட் விலங்குகளில் நன்றாக இருந்தது, மனிதர்களில் பெரிய ஆய்வு வைத்தபோது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2013-ல் கைவிட்டார்கள். டோசாடெனன்ட் எடுத்த சிலருக்கு வெள்ளை அணுக்கள் அபாயமாகக் குறைந்து, சிலர் இறந்தும் போனார்கள். 2017-ல் அதை நிறுத்தினார்கள். உடம்பின் கன்னாபினாய்டு சிதையாமல் காக்கும் மருந்து என்றேனே, அந்த வகையைச் சேர்ந்த ஒன்றை 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று, ஒருவர் இறந்தார். மனிதருக்குக் கொடுக்கும் முன் அதைப் பல விலங்குகளில் சோதித்திருந்தார்கள். விலங்கில் பாதுகாப்பாகத் தெரிந்த மருந்தைக்கூட மருத்துவமனையில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, படிப்படியாகக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். அப்பாவுக்குச் சமையலறையில் கொடுத்துப் பார்த்ததில் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள்

கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அவர் உங்களிடம் கேட்ட அந்தக் கேள்விதான். பார்க்கின்சன் வந்தவர்களுக்குக் கை கால் போவதைவிடப் புத்தி போய்விடுமோ என்ற பயம் பெரிது. அவர் அறையில் ஆட்களைப் பார்த்ததற்குக் காபியில் கலந்த எண்ணெய் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது தெரியாமல், தன் மூளையே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறார்.

நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் தெளிவாகப் பேசக்கூடிய, சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவருக்கு அவருக்குத் தெரியாமல் மருந்து கொடுக்க மகளுக்கும் உரிமையில்லை, மருத்துவருக்கும் இல்லை. தன் உடம்பில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்வதும், வேண்டாம் என்று சொல்வதும் அவருடைய உரிமை. தம்பி போனிலாவது கூட இருக்கும்போது இருவருமாகச் சொல்லுங்கள். “அப்பா, உங்களுக்கு நல்லதாகும் என்று நினைத்து ஓர் எண்ணெயைக் காபியில் கலந்து கொடுத்தோம். அதனால்தான் உங்களுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். நிறுத்திவிட்டோம். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு” என்று நேராகச் சொன்னால் போதும். கோபப்படுவார், சில நாள் உங்கள் கையால் காபி குடிக்கவே தயங்குவார். தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிவதில் அவருக்குக் கிடைக்கும் நிம்மதி அதைவிடப் பெரியது.

எண்ணெயை நிறுத்திய பிறகும் ஆட்கள் தெரிவது ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவர் வேறு காரணங்களைத் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மற்ற மாத்திரைகள், நோயேகூடக் காரணமாக இருக்கலாம். அதற்கென்று கடையில் மாத்திரை கேட்காதீர்கள். மனக்குழப்பத்துக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்றவை பார்க்கின்சன்காரர்களை ஒரேயடியாக முடக்கிவிடும்.

இழந்த நேரத்தை எங்கே மீட்கலாம்

தம்பி தேடுவது, அப்பாவுக்கு இன்னும் சில மணி நேர நடமாட்டம். அதற்கு வழி கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் முக்கியமாகப் பட்டன.

ஒன்று, அப்பா மாத்திரையைப் பால் காபியோடு, இட்லி சாம்பார் சாப்பிட்ட கையோடு போடுகிறார். லெவோடோபா குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் வழியில்தான் புரதத்தின் சத்துகளும் போகின்றன. பால், தயிர், பருப்பு, முட்டை எல்லாம் அதோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரோடு போட்டால் அதே மாத்திரை நன்றாக வேலை செய்யும். குமட்டினால் ஒரு பிஸ்கட் சாப்பிடலாம். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறார் என்றால் அதையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் மாத்திரை ஏறுவது தாமதமாகும், அதையும் கவனியுங்கள்.

இரண்டு, தலைசுற்றலுக்கு வாங்கிக் கொடுத்த மாத்திரை. அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். சின்னாரிசின், ஃப்ளூனாரிசின், புரோகுளோர்பெரசின் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் இனிமேல் கொடுக்க வேண்டாம். மூன்றும் டோபமினின் வேலையைத் தடுப்பவை, பார்க்கின்சனைக் கூட்டக்கூடியவை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான். எண்ணெயால் தலைசுற்றல், தலைசுற்றலுக்கு மாத்திரை, அந்த மாத்திரையால் நடை இன்னும் மோசம் என்று ஒன்றிலிருந்து ஒன்று வந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வையுங்கள். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். லெவோடோபாவும் டிஎச்சியும் இரண்டுமே நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும். இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, ஒரு நாளைக்கு நான்கு வேளை என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தெந்த நேரம் என்று எழுதவில்லை. காலை, மதியம், மாலை, இரவு என்று சாப்பாட்டை ஒட்டிப் போடுகிறார் போலத் தெரிகிறது. ஏழு வருடம் கழித்து இந்தக் கணக்கு சரிவராது. ஒரு நோட்டில் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை மணிக்கொரு கோடு போடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் நேராக, நன்றாக நடந்தாரா, உறைந்து நின்றாரா, கையும் தலையும் தேவையில்லாமல் ஆடினவா என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் ஓரத்தில் எழுதுங்கள். மூன்று நாள் எழுதினால் போதும். அந்த ஒரு தாளைப் பார்த்தால் மருத்துவர் என்ன மாற்றுவது என்று முடிவு செய்துவிடலாம். அளவைச் சிறிதாக்கி ஐந்தாறு வேளையாகப் பிரிக்கலாம். லெவோடோபா நீண்ட நேரம் தங்க என்டகாபோன் சேர்க்கலாம், ரசாஜிலின் சேர்க்கலாம். இவற்றுக்கும் அடங்காதபோது மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை சிலருக்குப் பொருந்தும். உறவினர் யாராவது பூனைக்காலி விதைப் பொடி சொன்னால் அதையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. எவ்வளவு போகிறது என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும்.

சட்டமும் ஆராய்ச்சியும்

நான் வழக்கறிஞர் அல்ல, தெரிந்தவரை சொல்கிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் பூவும் காயும் உள்ள கொத்தோடு சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே இருக்கின்றன. பிசினும் அதிலிருந்து எடுக்கும் எண்ணெயும் சரஸ் என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இலையிலிருந்து தயாரித்து, ஆயுர்வேத உரிமத்தோடு, மருத்துவர் சீட்டின் பேரில் விற்கும் எண்ணெய்களும் இருக்கின்றன. உங்கள் பாட்டிலில் உரிம எண், தயாரித்தவர் முகவரி, உள்ளடக்கம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை மறுபடி வாங்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது நோட்டீஸ், விசாரணை என்று வந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆராய்ச்சியில் சேர்வது நல்ல ஆசைதான். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அதில் பார்க்கின்சன் என்று தேடிப் பார்க்கலாம். சேரும் முன் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, அப்பா படித்து, அவரே கையெழுத்திட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டின் விதிகளில் உண்டு. சேர்வதற்குப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். எண்ணெய் எடுத்ததை ஆய்வுக்குழுவிடமும் சொல்லியாக வேண்டும்.

தம்பியை ஒதுக்கிவிடாதீர்கள். அப்பாவுக்காக உட்கார்ந்து நரம்பணு ஆராய்ச்சியைப் படித்த பிள்ளை அவர். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது விடுப்பு எடுத்துக்கொண்டு அவரும் வரட்டும். அந்த மூன்று நாள் தாள், ரத்த அழுத்தக் குறிப்பு, இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டை, எண்ணெய்ப் பாட்டில் லேபிளின் படம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். வேளைகளை எப்படிப் பிரிப்பது, என்டகாபோன் சேர்க்கலாமா, ஏ2ஏ மருந்து அப்பாவுக்குப் பொருந்துமா என்ற மூன்றையும் தம்பியே கேட்கட்டும். பதில்களை அப்பாவும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.